மெதுவாகச் சுழலவிட்டுக் கேட்ட பெடல்கள்: ஒரு ஃபேஸர், ஒரு வைப், ஒரு கோரஸ்

என் கிட்டார் பெடல்போர்டில் (ஒலியை மாற்றும் காலடிப் பெட்டிகளை அடுக்கிய பலகை), ஒலியை முறுக்கும் ஓவர்டிரைவுக்கும் எதிரொலி தரும் டிலேக்கும் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. 1970களின் பதிவுகளில் ஓர் அசைவு கேட்கும். ஒரு கார்டை (பல சுரங்களைச் சேர்த்து) அடித்துவிட்டுக் கை சும்மா இருந்தாலும் ஒலி தானாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அதற்காக ஒரு மாடுலேஷன் பெடல் வேண்டும் என்று வெகுநாள் ஆசை. ஆனால் கடைக்குப் போனால் 'விண்டேஜ்' என்று போடாத பெடலே இல்லை. பெட்டிக்குப் பழைய ஆரஞ்சு, பழைய நீலம் எல்லாம் அடித்துவிடுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம். அதனால் காசு போடுவதற்கு முன்னால், கையில் கிடைத்த ஒரு ஃபேஸரைத் திறந்து திருத்தினேன், ஒரு வைப் பெடலைக் கிட்டிலிருந்து (பாகங்களாக விற்கும் தொகுப்பு) கட்டினேன், ஒரு பழைய கோரஸை நண்பனிடம் இரவல் வாங்கிக் கேட்டேன். அந்த வேலையின் குறிப்புகள் இவை. சால்டரிங் அயர்ன் பிடிக்காதவர்கள் டிரிம்பாட் (பெட்டிக்குள் ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் சின்ன நாப்) பகுதிகளை மட்டும் படித்தாலும் போதும். ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் செய்துவிடலாம்.

முதலில் கேட்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். கடையில் எல்லோரும் ஸ்பீடு நாபை நடுவில் வைத்து, இரண்டு ஃபங்க் கார்டு அடித்துவிட்டு முடிவு செய்கிறார்கள். நடு வேகத்தில் எந்தப் பெடலும் நன்றாகத்தான் இருக்கும், எல்லாம் ஒன்றுபோலவும் இருக்கும். வேகத்தை அடியோடு குறைக்க வேண்டும். ஒரு சுற்று முடியச் சில வினாடி ஆகட்டும். கிளீன் ஆம்ப், நெக் பிக்கப், ஒரு ஈ மேஜர் கார்டை அடித்து அப்படியே விடுங்கள். ஒலி எங்கே தயங்குகிறது, எங்கே ஓடுகிறது, மேலே போய்த் திரும்பும்போது வளைகிறதா, முட்டிக்கொண்டு திரும்புகிறதா, அடியில் கொஞ்ச நேரம் எதுவுமே நடக்காமல் கிடக்கிறதா என்று கேட்க வேண்டும். பழைய பெடலின் குணம் என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி இந்த அசைவின் வடிவம்தான். ஒலியின் நிறம், இதமான மேல் ஸ்தாயி, இரைச்சல் இதெல்லாம் அப்புறம்.

அந்த வடிவத்தை உண்டாக்குவது எல்எஃப்ஓ எனப்படும் மெதுவான ஆசிலேட்டரும், அது சொல்வதைக் கேட்டு ஆடுகிற பாகமும். ஆடுகிற பாகம் ஃபேஸரில் ஜேஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்), வைப்பில் பல்பும் எல்டிஆரும் (வெளிச்சத்துக்கேற்ப ரெசிஸ்டன்ஸ் மாறும் பாகம்), கோரஸில் பக்கெட் பிரிகேட் ஐசி (சிக்னலைத் தாமதப்படுத்தும் சில்லு). மூன்றும் சொன்னதைச் சொன்னபடி கேட்கிற ஜாதி இல்லை. அந்தக் கீழ்ப்படியாமைக்குத்தான் இவ்வளவு விலை.

ஃபேஸர்

மேசைக்கு முதலில் வந்தது ஃபேஸ் 90 வகை நகல் ஒன்று. இரண்டாம் கைச் சரக்கு, யார் செய்தது என்பது இங்கே முக்கியமில்லை. அசல் எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 1974இல் வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் கீத் பார், டெர்ரி ஷெர்வுட் என்ற இரு நண்பர்கள் தொடங்கிய கம்பெனி. ஆரஞ்சுப் பெட்டி, ஒரே ஒரு நாப், அதுவும் வேகத்துக்கு மட்டும். ராக் கிட்டாரிஸ்ட் எட்டி வான் ஹேலன் அதைப் பிடித்துக்கொண்ட பிறகு அதற்கு விளம்பரமே தேவைப்படவில்லை.

உள்ளே நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றும் சிக்னலின் ஃபேஸை, அதாவது அலை ஏறி இறங்கும் நேரத்தை, கொஞ்சம் தள்ளிவிடும். தள்ளிய சிக்னலை அசலோடு கலந்தால், இரண்டு அதிர்வெண்களில் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அந்த இரண்டு பள்ளங்களும் மேலும் கீழும் நகர்வதைத்தான் நாம் 'ஸ்வீப்' என்று கேட்கிறோம். பள்ளங்களை நகர்த்துவது நான்கு ஜேஃபெட்கள். அவை இங்கே பெருக்கும் வேலை செய்வதில்லை, வோல்டேஜுக்கு ஏற்ப மாறும் ரெசிஸ்டர்களாக மட்டும் உட்கார்ந்திருக்கின்றன. நான்குக்கும் ஒரே கன்ட்ரோல் வோல்டேஜ் போகிறது. ஒன்று மட்டும் வேறு வோல்டேஜில் விழித்துக்கொள்கிற ரகமாக இருந்தால் பள்ளம் கலைந்துவிடும். அதனால்தான் இவற்றைப் பொருத்திப் பார்த்துப் போட வேண்டும் என்கிறார்கள்.

என்னிடம் வந்த பெடலில் நடு வேகத்தில் குறை தெரியவில்லை. மெதுவாக விட்டதும் தெரிந்தது: ஒலி மேலே ஏறும், இறங்கும், பிறகு சுற்றில் ஏறக்குறைய பாதி நேரம் எதுவும் நடக்காது. விற்றவர் ஜேஃபெட் போய்விட்டது என்று நினைத்துத்தான் விலையைக் குறைத்திருப்பார் போல. பின்தகட்டின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் போர்டில் ஒரே ஒரு டிரிம்பாட். ஜேஃபெட்களின் கேட் எனும் கட்டுப்பாட்டுக் கால் எந்த வோல்டேஜை மையமாக வைத்து ஆட வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. மையம் தள்ளி இருந்தால் அலையின் ஒரு பாதி, ஜேஃபெட் முழுக்க மூடிக்கொண்ட பகுதியில் வீணாகிவிடும்.

சரிசெய்யும் விதம் எளிது. வேகத்தை நடுவில் வையுங்கள். டிரிம்பாட்டை ஒரு கோடிக்குத் திருப்புங்கள், எஃபெக்ட் இருக்காது. மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் எஃபெக்ட் உயிர்பெறும், இன்னும் திருப்பினால் மறுபடி செத்துவிடும். அந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் நிறுத்துங்கள். இதுவரை பல காணொளிகளிலும் காட்டுகிறார்கள். அடுத்த படியைத்தான் விட்டுவிடுகிறார்கள்: இப்போது வேகத்தை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் காதுக்குச் சமமாகும்வரை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். நடுவில் நிறுத்திய இடத்திலிருந்து அது கொஞ்சம் தள்ளித்தான் அமையும். எனக்குப் பிடித்தது மிகச்சரியான சமமும் இல்லை; அடியில் ஒரு துளி கூடுதலாகத் தங்கிவிட்டு ஏறுவது. அது அவரவர் காது.

இதில் பிளாஸ்டிக் அல்லது மரக்கைப்பிடி ஸ்க்ரூடிரைவர் பயன்படுத்துவது நல்லது. உலோகத் தண்டு விரலில் பட்டால் ஹம் ஏறி, கேட்பதைக் குழப்பும்.

அடுத்து அந்த மூக்கடைத்த நடு ஸ்தாயி. ஃபேஸ் 90இல் இரண்டு தலைமுறை பேசப்படும். ஆரம்பத்தில் வந்தது பெட்டியில் சாய்ந்த கையெழுத்து லோகோ போட்டது, பிற்பாடு வந்தது கட்டை எழுத்து லோகோ. இரண்டுக்கும் நடுவே ரசிகர்கள் அடித்துக்கொள்ளும் வேறுபாட்டின் பெரும்பகுதி ஒரு ரெசிஸ்டரில் இருக்கிறது. கட்டை எழுத்துப் பதிப்பில், கட்டங்களின் கடைசியிலிருந்து கொஞ்சம் சிக்னலைப் பின்னால் திருப்பிக் கொடுக்க 22 அல்லது 24 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று சேர்ந்தது. மறுவெளியீட்டுப் போர்டுகளில் அதன் எண் ஆர்28. நகல்களில் எண் மாறும், சர்க்யூட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். திருப்பிக் கொடுப்பதால் பள்ளங்களுக்கு இடையே ஒரு மேடு எழும்பும். ஸ்வீப் கூர்மையாகும், டிஸ்டார்ஷனோடு கத்தும். அதை எடுத்துவிட்டால் பழைய, இளகிய ஒலி.

எடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ரெசிஸ்டரின் ஒரு காலை மட்டும் சால்டர் உருக்கித் தூக்கி, பெட்டியில் ஒரு சின்ன டாகிள் ஸ்விட்சுக்கு இரண்டு ஒயர் இழுத்தேன். கிளீன் ஒலிக்கும் மெல்லிய ஓவர்டிரைவுக்கும் ரெசிஸ்டர் இல்லாத பக்கம்தான் சுகம். ஆனால் டிரம்ஸும் பேஸும் சேர்ந்து வாசிக்கும்போது அந்த இளகிய ஒலி கூட்டத்தில் காணாமல் போகிறது. ரெசிஸ்டரை உள்ளே விட்டால் கிட்டார் மேலே வந்து நிற்கிறது. வீட்டில் தனியாக வாசித்துப் பார்த்துவிட்டு 'கையெழுத்து லோகோதான் உசத்தி' என்று எழுதுகிறவர்களில் எத்தனை பேர் மேடையில் கேட்டிருப்பார்கள் என்று சந்தேகம்.

ஃபேஸரைப் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜேஃபெட்களைப் பொருத்த பெரிய கருவி தேவையில்லை. ஜேஃபெட்டின் மூன்று கால்களில் டிரெயினுக்கு 9 வோல்ட், கேட்டைக் கிரவுண்டில் போடுங்கள், சோர்ஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். சோர்ஸில் வரும் வோல்டேஜை மல்டிமீட்டரில் குறித்துக்கொண்டு, ஒன்றோடொன்று மிக நெருங்கிய நான்கைத் தேர்ந்தெடுங்கள். விரலால் பிடித்த சூட்டிலேயே அளவு நகரும் என்பதால் பிரெட்போர்டில் செருகிக் கொஞ்சம் ஆறவிட்டு அளக்க வேண்டும். பழைய எண்ணுள்ள ஜேஃபெட்கள் இப்போது அரிது; மலிவாகக் கிடைப்பதில் எண்ணை அழித்து வேறு எண் போட்டவையும் கலந்திருக்கும். இந்த அளவீடு அதையும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜேஃபெட் தலைவலியே வேண்டாம் என்றால் எலெக்ட்ரோ-ஹார்மானிக்ஸின் ஸ்மால் ஸ்டோன் வழி இருக்கிறது. டேவிட் காக்கரெல் வடிவமைத்தது. ஈஎம்எஸ் நிறுவனத்தின் விசிஎஸ்3 சிந்தசைசர் சர்க்யூட்டும் அவருடையதுதான். ஜேஃபெட்டுக்குப் பதில் ஓடிஏ எனும் வகை பெருக்கி ஐசிகள். 'கலர்' ஸ்விட்சைப் போட்டால் ஸ்வீப் ஆழமாகி, தண்ணீருக்குள் கேட்பதுபோல் ஆகிவிடும். நல்ல பெடல்தான். எனக்கு அந்த ஸ்விட்சின் இரண்டு நிலைக்கும் நடுவில் ஒன்று தேவைப்பட்டது, அதனால் விட்டுவிட்டேன்.

வைப்: பல்பைப் பழக்குவது

இந்த வேலையில் அதிக நேரம் பிடித்தது இதுதான்.

யூனி-வைப் ஜப்பானில் பிறந்தது. 1960களின் கடைசியில், ஷின்-ஈ கம்பெனிக்காக ஃபுமியோ மியேதா வடிவமைத்தது. அமெரிக்காவில் யூனிவாக்ஸ் பெயரில் விற்றது. பின்னாளில் கோர்க் எம்எஸ்-20 சிந்தசைசருக்குப் பின்னால் இருந்தவரும் இதே மியேதாதான். ஹேமண்ட் ஆர்கனோடு சேர்த்து வைக்கும் லெஸ்லி ஸ்பீக்கரில் ஹார்ன் நிஜமாகவே மோட்டாரில் சுற்றும். பெட்டி ஏறக்குறைய இடுப்புயரம், தூக்க இரண்டு பேர் வேண்டும். அந்த ஒலியைக் காலடிப் பெட்டியில் கொண்டுவரும் முயற்சியாகத்தான் யூனி-வைப்பை விற்றார்கள். லெஸ்லி மாதிரி அது ஒலிக்கவில்லை. வேறு ஏதோ ஒன்றாக ஆகிவிட்டது. 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசைவிழா மேடையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதை வைத்திருந்தார், அதற்குப் பிறகு லெஸ்லி மாதிரி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

இதுவும் நான்கு கட்ட ஃபேஸர்தான். ஆனால் நடுவில் ஒரு சின்ன இழைபல்பு, அதைச் சுற்றி நான்கு எல்டிஆர். எல்எஃப்ஓ பல்பை மங்கவும் ஒளிரவும் செய்யும். வெளிச்சம் கூடினால் எல்டிஆரின் ரெசிஸ்டன்ஸ் குறையும். பல்பின் மேல் உட்புறம் பளபளப்பான உலோக மூடி ஒன்று கவிழ்ந்திருக்கும்.

கட்டங்களில் வரும் கெபாசிட்டர்கள்தான் வேடிக்கை. ஃபேஸ் 90இல் நான்கும் ஒரே மதிப்பு. வைப்பில் 15 நானோஃபாரட், 220 நானோஃபாரட், 470 பிக்கோஃபாரட், 4.7 நானோஃபாரட். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. கிட் போர்டில் இவற்றைச் செருகும்போது அச்சுப்பிழையோ என்று தோன்றும், ஆனால் இதுதான் சரி. கட்டங்கள் இப்படிச் சிதறிக் கிடப்பதால் கூர்மையான பள்ளம் உருவாகாது. ஃபேஸரில் ஒரு கோடு மேலும் கீழும் இழுபடுவது தெளிவாகக் கேட்கும். வைப்பில் அந்தக் கோடு கேட்காது, முழு ஒலியும் மூச்சுவிடுவது கேட்கும்.

வடிவத்துக்கு வருவோம். எல்எஃப்ஓ கொடுப்பது ஏறக்குறைய சைன் அலை. ஆனால் பல்பின் இழை சூடாகவும் ஆறவும் நேரம் எடுக்கும். எல்டிஆர் வெளிச்சத்துக்கு வேகமாக எழும், இருட்டுக்குச் சோம்பலாகத் திரும்பும். இரண்டு சோம்பலும் சேர்ந்து, ஏறும்போது ஒரு விசையும் இறங்கும்போது ஓர் இழுவையுமாக அலை கோணலாகிவிடுகிறது. ஊஞ்சலை ஒரு பக்கம் மட்டும் யாரோ தள்ளிவிடுவதுபோல் இருக்கும். பல்புக்குப் பதில் எல்இடி போட்ட பெடல்களில் இந்தச் சோம்பல் தானாக வராது, எல்எஃப்ஓவின் அலையையே கோணலாக்கிக் கொடுக்க வேண்டும். அதை நன்றாகச் செய்தவையும் உண்டு, செய்யாதவையும் உண்டு. வாங்குவதற்கு முன் மெதுவான வேகத்தில் கேட்டால் ஒரு சுற்றிலேயே தெரிந்துவிடும்.

எல்டிஆர் சென்னை ரிச்சி தெருவின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையில் கேட்ட கடையில் எல்லாம் கிடைக்கிறது. தெருவிளக்கு, தானியங்கி ஸ்விட்ச் என்று பல வேலைக்கும் போகிற சாமான். கேட்மியம் இருப்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டுப்பாடு உண்டு, பெரிய பெடல் கம்பெனிகளுக்கு அது தொல்லை, நமக்கு இல்லை. கைநிறைய வாங்கி, ஒவ்வொன்றையும் கறுப்பு ஹீட்-ஷ்ரிங்க் குழாய்க்குள் நுழைத்து, இருட்டில் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்தேன். மெகா ஓமுக்கு மேல் சோம்பலில்லாமல் போவதை எடுத்துக்கொண்டு மீதியை டப்பாவில் போட்டேன். ஜேஃபெட் மாதிரி துல்லியமாகப் பொருத்த வேண்டியதில்லை. கட்டங்களே ஒன்றுபோல் இல்லாத இடத்தில் எல்டிஆர் மட்டும் ஒன்றுபோல் இருந்து என்ன ஆகப்போகிறது?

கட்டி முடித்து முதலில் போட்டபோது, மூடி இல்லாமல், பெரிய ஹம். கிரவுண்ட் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். தலைக்கு மேல் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்குகிறது; எல்டிஆர் அதையும் விடாமல் ஒலியாக்கிக்கொண்டிருந்தது. போர்டின் மேல் கையைக் குவித்ததும் ஹம் போய்விட்டது. ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

அப்புறம் பல்பின் டிரிம்பாட். பல்பு எந்த வெளிச்சத்தை மையமாக வைத்து ஆடும் என்பதை இது தீர்மானிக்கிறது. அசைவின் ஆழத்தை மாற்றும் இன்டென்சிட்டி நாபைக் குறைத்து வைத்தால் பல்பு ஒரே நிலையில் நிற்கும். அப்போது இழை மங்கிய செம்மஞ்சளாக இருக்கிற அளவில் தொடங்கினேன். பிறகு இன்டென்சிட்டியை முழுக்க ஏற்றி, வேகத்தை அடியில் வைத்துப் பல்பைக் கவனித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன்தான் முதலில் பார்த்தான்: "மச்சான், நடுவுல லைட் சுத்தமா அணைஞ்சே போகுதுடா." சரிதான். இழை முழுக்க அணைந்துவிட்டால் அடுத்த சுற்றில் மறுபடி சூடேற நேரம் பிடிக்கும், அந்த இடைவெளியில் ஒலி உயிரில்லாமல் கிடக்கும். டிரிம்பாட்டை ஏற்றினால் அணையாது. ஆனால் அதிகம் ஏற்றினால் பல்பு எப்போதும் பிரகாசமாகவே இருந்து அசைவு ஆழம் குறைந்துவிடும். இழையில் கடைசிச் சிவப்பு தெரிந்து மறையப்போகும் நேரத்தில் மறுபடி ஏறத் தொடங்குகிற இடம் ஒன்று இருக்கிறது, அதுதான் வேண்டும்.

மூடியைக் கவிழ்த்ததும் கணக்கு மாறும். வெளிச்சம் உள்ளேயே எதிரொளித்து எல்டிஆர்களுக்கு அதிகம் போகும், வெளி வெளிச்சமும் இராது. இனி பல்பைப் பார்க்க முடியாது, காதுதான் கதி. மறுபடி ஈ மேஜர், மறுபடி அடிமட்ட வேகம். இன்னொன்று: மெதுவான வேகத்துக்குச் சரியாக வைத்த டிரிம்பாட், வேகத்தை ஏற்றினால் சப்பென்று ஆகிவிடும். இழையால் அந்த வேகத்துக்கு ஆறிச் சூடேற முடியாது, அதனால் ஆழம் தானாகக் குறையும். வேகமான லெஸ்லி ஒலிதான் முக்கியம் என்றால் டிரிம்பாட்டை வேறு இடத்தில் வைக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நல்ல இடம் கிடையாது. நான் மெதுவான பக்கம் சாய்ந்துவிட்டேன். இரண்டு வேகமும் வேண்டுமென்பவர்கள் இந்த டிரிம்பாட்டை வெளியே நாபாகக் கொண்டுவந்த பெடல்களைத் தேடலாம். என் அபிப்பிராயத்தில் பழைய பெட்டி நிறம், பழைய நாப் எல்லாவற்றையும்விட அந்த ஒரு நாபுக்குத்தான் கூடக் காசு தரலாம்.

என் கிட்டுக்கு 18 வோல்ட் வேண்டும். பவர் சப்ளையின் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட இரண்டு 9 வோல்ட் அவுட்லெட்களைத் தொடராக இணைக்கும் ஒயர் ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டேன். அவுட்லெட்கள் உள்ளே ஒரே கிரவுண்டைப் பகிர்கிற மலிவு சப்ளையில் இதைச் செய்யக் கூடாது, ஷார்ட் ஆகும். பல்பு கரண்ட் குடிக்கும் என்பதால் ஒவ்வொரு அவுட்லெட்டும் எத்தனை மில்லியாம்ப் தரும் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவல் கோரஸ்

பாஸ் கம்பெனியின் சிஈ-2. 1979இல் வந்தது. அதற்கு மூத்தது 1976இன் சிஈ-1, அதற்கும் மூத்தது ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப். நண்பனுடைய வீட்டில் அலமாரியில் கிடந்த வெளிர்நீலப் பெட்டியை வாங்கி வந்து போட்டால், எல்இடி மங்கலாக எரிகிறது, அசைவு நோஞ்சானாக இருக்கிறது. பழசாகிவிட்டது, கெபாசிட்டர் எல்லாம் மாற்ற வேண்டும் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அடாப்டர் துளைக்குப் பக்கத்தில் 'ஏசிஏ' என்று அச்சிட்டிருந்தது. விஷயம் அவ்வளவுதான். அந்தக் காலத்துப் பாஸ் பெடல்கள் சில, 9 வோல்ட்டுக்கு மேலே தருகிற ரெகுலேட் செய்யாத அடாப்டருக்காகக் கட்டப்பட்டவை. கூடுதல் வோல்டேஜைக் குறைக்க உள்ளே ஒரு ரெசிஸ்டரும் டையோடும் இருக்கும். இப்போதைய ரெகுலேட் செய்த 9 வோல்ட்டைக் கொடுத்தால் அதிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. அதே சப்ளையின் அதே ஒயரில் இன்னொரு சாதாரண 9 வோல்ட் பெடலையும் மாட்டி, இரண்டையும் பேட்ச் கேபிளால் இணைத்தால், கிரவுண்ட் அந்தப் பெடல் வழியாக நேராகக் கிடைத்து எல்இடி பளிச்சென்று எரியும். அப்படியே எரிந்தது. பெட்டியைத் திறக்கவே இல்லை. பழைய சிஈ-2 வாங்கப் போகிறவர்கள் விலை பேசும்போது இதை மனத்தில் வைத்திருக்கலாம். மங்கிய எல்இடி எப்போதும் பழுதல்ல.

ஒலி? உள்ளே இருப்பது எம்என்3007 என்ற 1024 படிகள் கொண்ட பக்கெட் பிரிகேட் ஐசி. சிக்னல் படிப்படியாகக் கை மாறி, கொஞ்சம் தாமதமாக வெளியே வரும். இந்தக் கைமாற்றத்துக்குத் தாளம் போடும் கிளாக் 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் தாமதம் சுமார் 5 மில்லிசெகண்ட். கிளாக்கின் வேகத்தை எல்எஃப்ஓ ஆட்டும்போது தாமதம் கூடிக் குறையும், சுருதி இலேசாக விலகும், அசலோடு கலக்கும்போது இரண்டு கிட்டார் போலத் தோன்றும். மேல் ஸ்தாயியை வடிகட்டித்தான் இந்த ஐசிக்குள் அனுப்ப முடியும் என்பதால் ஓர் இதமான மங்கல் தானாக வருகிறது. மெதுவான சோதனையில் இது ஃபேஸரையும் வைப்பையும்விட ஒழுங்கானது. ஏறுவதும் இறங்குவதும் ஒரே சீர். அழகுதான், ஆனால் நான் தேடியது இந்தச் சீர் இல்லை.

கோரஸைக் கட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு: எம்என்3007க்குப் பதில் எளிதாகக் கிடைக்கிற எம்என்3207 வகையை அப்படியே செருக முடியாது. 3007 பி-சேனல், 3207 என்-சேனல். சப்ளையின் திசையும் வோல்டேஜும் வேறு, கிளாக் ஐசியும் வேறு. எந்த ஐசிக்கான சர்க்யூட் என்று பார்த்து வாங்குங்கள்.

ஃபிளாஞ்சர் என்ற இன்னொரு மாடுலேஷன் பெடலையும் கொஞ்சம் கேட்டேன். எலெக்ட்ரிக் மிஸ்ட்ரஸ் வகை ஒன்று, நல்ல ஆழம். ஆனால் ஃபிளாஞ்சரைப் பாட்டு முழுக்கப் போட்டுவைக்க முடியாது, அது எப்போதும் தன்னையே காட்டிக்கொண்டிருக்கும். ஒலி அளவை ஏற்றி இறக்கும் ட்ரெமொலோ என் ஆம்பிலேயே இருக்கிறது. ட்ரெமொலோவில் ஒன்றே ஒன்று சொல்ல ஆசை: 1940களில் டிஆர்மண்ட் செய்த பெட்டியில், மின்சாரம் கடத்தும் திரவம் நிரப்பிய சின்னக் குப்பியை மோட்டார் குலுக்கும். திரவம் தளும்பி முனையைத் தொடும்போதெல்லாம் சிக்னல் கிரவுண்டுக்குப் போய் ஒலி குறையும். வைப்பின் பல்பைப் பார்த்து ஆச்சரியப்படுகிறவர்கள் அதைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ.

இப்போது போர்டில்

வைப் ஜெயித்தது. ஃபேஸர் பையில் இருக்கிறது, பேண்டோடு வாசிக்கப் போகும்போது வெளியே வரும். கோரஸ் எல்இடி பளிச்சென்று எரிய, வீடு திரும்பிவிட்டது.

வரிசையில் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபுஸ் முதலில், அப்புறம் ஓவர்டிரைவ், அப்புறம் வைப். ஃபுஸ்ஃபேஸ் வகை ஃபுஸ்கள் கிட்டார் பிக்கப்போடு நேரடியாகப் பேச விரும்புபவை. நடுவில் பெடல் வந்தால் கிட்டார் வால்யூமைக் குறைத்தும் சுத்தமாகாது. வைப்பைப் பொறுத்தவரை, ஃபுஸ்ஸுக்குப் பின்னால் வைத்தால் அது மென்று தின்ன நிறைய ஹார்மானிக்ஸ் (மேலோசைகள்) கிடைக்கிறது, துடிப்பு பெரிதாகக் கேட்கிறது. ஃபுஸ்ஸுக்கு முன்னால் வைத்தால் ஃபுஸ் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு நசுக்கிவிடுவதால் வால்யூம் துடிப்பு போய், வாயைத் திறந்து மூடுகிற மாதிரி ஒரு நிறமாற்றம் மட்டும் மிஞ்சும். அதுவும் மோசமில்லை. இரண்டையும் ஒருமுறை மாற்றிக் கேட்டுவிட்டு ஒயரைக் கட்டுங்கள். பழைய பாணி வைப்களில் இன்புட் இம்பிடன்ஸ் குறைவு. கிட்டாரை நேராகச் செருகினால் மேல் ஸ்தாயி மழுங்கும். முன்னால் ஒரு பஃபர் பெடல் (சிக்னலைப் பலப்படுத்தி அனுப்புவது) இருந்தால் தெளிவாகும், ஆனால் ஃபுஸ்ஸுக்கு முன்னால் பஃபர் கூடாது. என் போர்டில் ஓவர்டிரைவே பஃபர் வேலையையும் பார்த்துக்கொள்கிறது.

வேகம் அடிமட்டத்திலிருந்து கால் பங்கு மேலே, இன்டென்சிட்டி முக்கால். மீதி வேலை ஒன்று இருக்கிறது. அசல் யூனி-வைப்பில் வேகத்தைக் காலால் மிதித்து மாற்றலாம். கிட்டில் ஸ்பீடு நாப் இரட்டை பாட் (ஒரே தண்டில் இரண்டு மாறும் ரெசிஸ்டர்) என்பதால் சாதாரண எக்ஸ்பிரஷன் பெடலைச் செருகினால் ஆகாது. காலால் முன்பின் சாய்க்கிற வா பெடல் உடைந்தது ஒன்றின் கூடு வேண்டும், உள்ளே பல்சக்கரத்தோடு பொருந்துகிற தண்டுள்ள 100 கிலோ ஓம் ரிவர்ஸ்-லாக் இரட்டை பாட்டும் வேண்டும். கூடு பார்த்துவைத்துவிட்டேன். பாட்தான் இன்னும் அகப்படவில்லை.